சித்தப்பா சொன்ன வழியும் எச்சில் சொன்ன வழியும்

கேள்வி: நாங்கள் மதுரை சௌராஷ்டிரர்கள். தாத்தா காலம்வரை வீட்டில் தறி இருந்தது. குஜராத்திலிருந்து புறப்பட்டு, மகாராஷ்டிரத்துத் தேவகிரி, விஜயநகரம் என்று தங்கித் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்தோம் என்று கேட்டே வளர்ந்தவள் நான். சென்ற ஆண்டு அப்பா தவறிவிட்டார். அவருடைய நோட்டில் ஏழு தலைமுறைப் பெயர்கள் எழுதியிருந்தன. அதைப் பார்த்த ஆர்வத்தில் பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி எச்சில் மாதிரி அனுப்பித் தந்தைவழி மரபணுப் பரிசோதனை செய்துகொண்டான். ‘எச்-எம்82. அதிகம் காணப்படும் பகுதி: தென்னிந்தியா, இலங்கை’ என்று வரைபடத்தோடு பதில் வந்தது. குஜராத்தின் மேல் நிறமே இல்லை. இதை வாசித்துக் காட்டிய நாளிலிருந்து 78 வயது சித்தப்பா யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. “அப்போ கல்யாணத்துக்குக் கல்யாணம் நான் சொன்னதெல்லாம் பொய்யா?” என்று ஒருநாள் கேட்டார். எங்கள் கதை பொய்யா? குஜராத்தில் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? இதைவிடப் பெரிய பரிசோதனைக்குப் பணம் கட்டலாமா?

– ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் பதிலின் முதல் பத்தியை மட்டுமாவது இன்றைக்கே சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள். ஐயா, உங்கள் வீட்டுக் கதையை அந்த அறிக்கை பொய்யாக்கவில்லை. பொய்யாக்கும் வலு அதற்குக் கிடையாது. மெய்யாக்கும் வலுவும் கிடையாது. நீங்கள் சொல்லி வந்தது ஆயிரம் ஆண்டுக்குள் நடந்த ஒரு பயணத்தை. அந்தத் தாள் சொல்வது பல்லாயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு மனிதரை. இரண்டுக்கும் சண்டையே இல்லை.

உங்கள் கடிதம் என்னை இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவிடவில்லை. காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் மரபணு ஆய்வுக்காக ஒரு கிராமத்தில் மாதிரிகள் எடுத்தோம். முடிவு வந்ததும் அங்கே ஒரு பெரியவருக்கு அவருடைய முடிவை நானே எடுத்துப்போய்ச் சொன்னேன். உங்கள் தந்தைவழிக் கிளையின் பெயர் இது, இன்ன வெளிநாட்டில் இது அதிகம் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன். அந்தக் கிளைக்கு வயது என்ன, அதை வைத்து எதைச் சொல்லக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது கேள்விப்பட்டேன்: அந்த ஆண்டு குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதையை அவர் வாங்க மறுத்துவிட்டாராம். “நாம இந்த மண்ணு இல்லையாமே” என்றாராம். தவறு முழுக்க என்னுடையது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, உட்கார்ந்து விளக்கினேன். அன்று முதல் வயதைச் சொல்லாமல் யாருக்கும் கிளைப் பெயரைச் சொல்வதில்லை. உங்கள் தம்பிக்கு வந்த அறிக்கையில் அந்த வயதுதான் விடுபட்டிருக்கிறது.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது. உங்களிடம் அது இல்லை. அதனால்தான் தம்பியின் எச்சில் தேவைப்பட்டது. மற்ற குரோமோசோம்கள் தலைமுறைக்குத் தலைமுறை அம்மா பக்கமும் அப்பா பக்கமுமாகக் கலைந்து கலைந்து வருகின்றன. ஒய்யின் பெரும்பகுதி கலையாமல் அப்படியே இறங்குகிறது. இடையிடையே எழுத்துப் பிழை மாதிரி ஒரு மாற்றம் விழும். விழுந்தது அதற்குப் பின் வரும் எல்லா மகன்களிடமும் நிலைத்துவிடும். இந்தப் பிழைகளை வரிசைப்படுத்தித்தான் உலகத்து ஆண்கள் எல்லோரையும் ஒரே மரத்தின் கிளைகளாக அடுக்குகிறோம். எம்82 அப்படி ஒரு பிழையின் பெயர்.

நெசவு வீட்டில் பிறந்தவருக்கு இதைச் சொல்வது எளிது. ஒய் என்பது பாவில், அதாவது நீளவாக்கில், ஓடும் ஓர் இழை. தறியில் ஏறியதிலிருந்து முந்தானைவரை அறாமல் போகும். அதனாலேயே அதைப் பின்தொடர்வது சுலபம். ஆனால் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. குறுக்கே ஓடும் ஊடை வேறு இருக்கிறது. பத்துத் தலைமுறை பின்னால் போனால், ஏறக்குறைய ராணி மங்கம்மாள் காலத்தில், உங்கள் தம்பிக்கு முன்னோர் இடங்கள் 1,024. சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்த சமூகம் என்பதால் ஒரே ஆள் பல இடங்களில் வருவார். தனித்தனி ஆட்களின் எண்ணிக்கை அதைவிடக் குறையும். எப்படியானாலும், அத்தனை பேரில் ஒரே ஒருவரிடமிருந்துதான் அவருடைய ஒய் வந்தது. மீதிப் பேரைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்து அந்த எச்-எம்82. எச் என்பது இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் பழைய தந்தைவழிகளில் ஒன்று. வேர் 40,000 ஆண்டுக்கும் மேல் பின்னால் போகிறது. அதன் உட்கிளையான எம்82, குஜராத்தின் சோமநாதபுரம் கஜினி முகமதுவால் இடிபட்ட 1025-26க்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டு முன்பே தோன்றிப் பரவிவிட்டது. தமிழ்நாட்டில் உண்டு, ஆந்திரத்தில் உண்டு, மகாராஷ்டிரத்தில் உண்டு, குஜராத்திலும் தாராளமாக உண்டு.

இன்னும் ஒன்று சொன்னால் சித்தப்பா நிமிர்ந்து உட்காருவார். ஐரோப்பாவில் ரோமா என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா, ஸ்பெயின் என்று கண்டம் முழுக்கச் சிதறி வாழ்கிறவர்கள். அவர்களில் ஏராளமான ஆண்களிடம் இருப்பது உங்கள் தம்பிக்கு வந்த அதே எச்-எம்82. 2012-இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மைய விஞ்ஞானிகள் பங்கேற்ற ஓர் ஆய்வு, இந்தியாவின் பல பகுதி மக்களின் எம்82-வை ரோமாக்களின் எம்82-வோடு ஒப்பிட்டது. நெருங்கி வந்தவை வடமேற்கு இந்தியாவின் தலித், பழங்குடி மக்களின் வழிகள். அதாவது ஒரே எழுத்து, ஒரே எண். அதை வைத்திருக்கும் ஒருவர் மதுரையில் தறி நெய்தார். இன்னொருவர் டான்யூப் கரையில் குதிரை வளர்த்தார். ‘எம்82 தென்னிந்தியாவுடையது’ என்ற வரைபடத்தை அந்த ரோமா இளைஞர் கையில் கொடுத்திருந்தால் அவரும் வழி தவறியிருப்பார். ஆய்வாளர்கள் எம்82 என்ற பெயரோடு நிற்காமல், அதற்குள்ளே இருக்கும் நுண்ணிய வேறுபாடுகளை எண்ணி ஒப்பிட்டதால்தான் திசை தெரிந்தது. உங்கள் தம்பியின் அறிக்கை பெயரோடு நின்றுவிட்டது.

அந்த வரைபடம் எப்படி வரையப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பகுதியிலும் பரிசோதித்த ஆண்களில் நூற்றுக்கு எத்தனை பேரிடம் இந்தக் கிளை என்று கணக்கிட்டு, அதிகம் உள்ள இடத்துக்கு அடர்ந்த நிறம் தீட்டுகிறார்கள். நிறம் மங்கிய இடத்தில் கிளையே இல்லை என்று பொருளல்ல. அடர்ந்த இடத்தில்தான் அது பிறந்தது என்றும் பொருளல்ல. தென்னை பொள்ளாச்சியில் அடர்த்தி. அதற்காக எல்லாத் தென்னையும் பொள்ளாச்சியிலிருந்து போனது என்று யாரும் சொல்வதில்லை.

ஒய்யால் குடியேற்ற வரலாற்றையே சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், சில இடங்களில் மிக அழகாகவே முடியும். குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழும் சித்தி என்ற சமூகத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஆண்களிடம் காணப்படும் சில கிளைகள் ஆப்பிரிக்காவுக்கே உரியவை; பக்கத்து ஊர்க்காரர்களிடம் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் வந்த திசை தெரிந்துவிடும். நடு, கிழக்கு இந்தியாவில் முண்டா மொழிகள் பேசும் பழங்குடி மக்களிடம் ஓ-எம்95 என்ற கிளை பெருவாரியாக இருக்கிறது. அது தென்கிழக்கு ஆசியாவின் கிளை. அதே மக்களிடம் அம்மாவிடமிருந்து மட்டுமே இறங்கும் மரபணுவான தாய்வழியைப் பார்த்தால் பெரும்பாலும் இந்திய மண்ணுடையது. வந்தவர்களில் ஆண்கள் மிகுதி, இங்கிருந்த பெண்களோடு குடும்பமானார்கள் என்று அதிலிருந்து தெரிகிறது. தந்தைவழி ஒரு கதை, தாய்வழி இன்னொரு கதை, இரண்டும் உண்மை.

இந்த இரண்டிலும் பதில் கிடைத்ததற்கு ஒரே காரணம், புறப்பட்ட இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் இடையே கிளைகள் அடியோடு வேறாக இருந்ததுதான். குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் அப்படி இல்லை. எச், எல், ஜே2, ஆர்1ஏ, ஆர்2 என்று இரண்டு இடத்திலும் அதே கிளைகள்; விகிதம்தான் மாறும். ஒரே ஓர் ஆளின் ஒய்யை வைத்து விகிதம் பேச முடியாது. நாலு ரகமும் விளையும் இரண்டு ஊர்களில், ஒரு மணியைக் காட்டி இது எந்த ஊர் நெல் என்று கேட்பது போலாகிவிடும்.

சொல்லப்போனால், தம்பிக்கு ஆர்1ஏ என்று வந்திருந்தால் உங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம் வைத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. வரைபடத்தில் வடக்கே நிறம் தெரிந்திருக்கும், சித்தப்பா மகிழ்ந்திருப்பார். அப்போதும் நான் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன். ஆர்1ஏ தெற்கே ஆந்திரத்து நல்லமலைக் காட்டில் வாழும் செஞ்சு பழங்குடியினரிடமும் கணிசமாக இருப்பதை 2003-லேயே ஓர் ஆய்வு காட்டியது. அதை வைத்து யாரையும் குஜராத்துக்காரர் ஆக்க முடியாது. எச் வந்ததால் வருந்துகிறவர்களையும் ஆர் வந்ததால் நெஞ்சு நிமிர்த்துகிறவர்களையும் இந்த வேலையில் நிறையப் பார்த்துவிட்டேன். எழுத்துகளில் உசத்தி, தாழ்த்தி கிடையாது. அவை கண்டுபிடித்து அடுக்கிய வரிசைக்கு இட்ட அடையாளங்கள், அவ்வளவுதான்.

ஒரு சமூகத்துக்கு ஒரே தந்தைவழிதான் இருக்க வேண்டும் என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் மறைந்திருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். 2001-இல் ஸ்பென்சர் வெல்ஸ் தலைமையில் யூரேசியா முழுவதற்குமான ஓர் ஒய் ஆய்வு வெளியானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அதில் பங்கேற்றார். அதில் மதுரைப் பகுதிச் சமூகங்கள் சிலவற்றோடு சௌராஷ்டிரர் மாதிரிகளும் இருந்தன. அதிலும் சரி, வேறு எந்த ஆய்விலும் சரி, நானறிந்து தமிழ்நாட்டில் ஒரே கிளையோடு நின்ற பெரிய சமூகம் கிடையாது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஐந்தாறு பெரிய வழிகள் சேர்ந்தே ஓடுகின்றன. 2012-இல் அதே பேராசிரியரின் குழு தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய்யைப் பார்த்தது. இங்குள்ள தந்தைவழிகளின் வேறுபாடுகள் சாதிப் படிநிலைக்கு முந்தியவை, வேளாண்மை பரவிய காலத்தோடு பொருந்துபவை, 4,000 முதல் 6,000 ஆண்டுப் பழமை கொண்டவை என்பது அவர்கள் முடிவு. ஒய்யின் கடிகாரம் ஓடும் அளவு அது. ஆயிரம், ஐந்நூறு ஆண்டுக் கணக்குக்கு அந்த முள் அசைவது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு இன்னும் சிறிய முள் வேண்டும்.

சரி, தம்பியின் எம்82 உங்கள் குடும்பத்துக்குள் எப்படி வந்திருக்கலாம்? குஜராத்தை விட்டுப் புறப்பட்ட முதல் கூட்டத்திலேயே அந்த வழிக்காரர் ஒருவர் இருந்திருக்கலாம். அங்கே அது அரிய கிளையல்ல என்பதால் இதுதான் எளிய விளக்கம். வழியில், தேவகிரியிலோ துங்கபத்திரைக் கரையிலோ, ஒரு நெசவாளர் வந்து சேர்ந்திருக்கலாம். பட்டுத்தறி ஓடும் தெருவில் கைத்திறன் உள்ளவருக்கு இடம் கிடைத்திருக்கும். அல்லது மதுரைக்கு வந்த பிறகு ஒரு சுவீகாரம் நடந்திருக்கலாம். பிள்ளை இல்லாத வீட்டில் அக்காள் மகனையோ மகள் வயிற்றுப் பேரனையோ தத்து எடுப்பது நம் ஊரில் எவ்வளவு சாதாரணம்! அன்றைக்கு ஒய் மாறிவிடும், ரத்தம் மாறாது. அப்பாவின் நோட்டில் உள்ள ஏழு பெயர்களில் எதன் பக்கத்திலாவது ‘சு.’ என்றோ ‘தத்து’ என்றோ குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இப்படி வந்தவர் எவரானாலும் அவர் அந்த வீட்டுப் பிள்ளைதான். அவருக்குப் பின் வந்தவர்கள் பேசியது உங்கள் மொழி, கும்பிட்டது உங்கள் சாமி.

இப்போது சித்தப்பாவின் பக்கம் வருகிறேன். அவர் கையில் இருக்கும் சான்றின் மதிப்பு அவருக்கே தெரியவில்லை.

ரோமாக்களை மரபணு கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதை 1782-இல் ரூடிகர் என்ற ஜெர்மானியர் அவர்கள் பேசும் மொழியைக் கேட்டே நிறுவிவிட்டார். எண்களில் பலவும் உறவுச் சொற்களும் இந்திய மொழிகளோடு பொருந்தின. வழியில் பாரசீகச் சொற்களும் ஆர்மீனியச் சொற்களும் கிரேக்கச் சொற்களும் ஒட்டிக்கொண்டிருந்தன; அவை ஒட்டியிருந்த அடுக்கைப் பிரித்தபோது அவர்கள் நடந்த பாதையே வெளிப்பட்டது. மரபணு ஆய்வு 200 ஆண்டு கழித்து வந்து அதை உறுதி செய்தது, காலத்தையும் கொஞ்சம் துல்லியமாக்கியது.

உங்கள் வீட்டு மொழியும் அப்படித்தான். தமிழகத்தின் நடுவில் இத்தனை நூற்றாண்டு இருந்தும் தண்ணீர் ‘பாணி’யாகவும் வீடு ‘கேர்’ ஆகவும் நிற்கின்றன. அடியில் குஜராத்திக்கு நெருங்கிய இந்தோ-ஆரிய எலும்புக்கூடு, மேலே மராத்தியின் சாயல், அதன்மேல் தெலுங்கும் கன்னடமும், கடைசியில் தமிழ். தேவகிரி, விஜயநகரம், மதுரை என்று சித்தப்பா சொல்லும் அதே வரிசை. ஜப்பானிய மொழியியலாளர் நொரிஹிகோ உச்சிதா இந்த மொழிக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்து 1990-இல் ஓர் அகராதியே வெளியிட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 2.47 லட்சம் பேர் இதைத் தாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். குடியேற்ற வரலாற்றுக்கு இதைவிடப் பலமான சான்று என் ஆய்வகத்தில் இல்லை.

கல்யாணத்தில் வெற்றிலை பாக்கு மாற்றும்போது இரு வீட்டாரும் கேள்வியும் பதிலுமாகச் சொல்லும் அந்தப் பயணக் கதை இருக்கிறதே, அது 100 ஆண்டுக்கு முன்பே பதிவாகியிருக்கும் வழக்கம். வாய்மொழியாக வருவதில் ஊர்ப் பெயர்கள் கூடும், குறையும், அரசர்கள் பெரிதாவார்கள். ஆனால் எலும்பு நிற்கும். மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் கி.பி. 473-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. தென் குஜராத்தின் லாட நாட்டிலிருந்து புறப்பட்ட பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று அங்கே குடியேறிச் சூரியன் கோயில் கட்டியதை அது பாட்டாகச் சொல்கிறது. அவர்களும் நீங்களும் ஒன்று என்று அதை வைத்து வாதாட மாட்டேன். சிலர் அப்படிச் செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. குஜராத்துப் பட்டு நெசவாளர்கள் கூட்டமாகக் கிளம்பி அரசர் ஆதரவு உள்ள ஊருக்குப் போவது எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்கு அது போதும். தேவகிரியில் யாதவர் ஆட்சி 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிந்தது. 1565-இல் விஜயநகரத் தலைநகர் அழிந்தது. 1623 முதல் 1659 வரை மதுரையில் திருமலை நாயக்கர். புரவலர் சாயும்போது தறி அடுத்த அரண்மனையைத் தேடி நகர்ந்திருக்கிறது. மகாலைச் சுற்றி உங்கள் தெருக்கள் இருப்பதில் எனக்கு வியப்பில்லை.

இரண்டாவது கேள்வி, எந்த ஊர் என்பது. நேர்மையாகச் சொல்வதானால் ஊர் கிடைக்காது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு குஜராத்தில் ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னால் நம்பாதீர்கள். ஊர் சொல்ல வேண்டுமானால், அந்த ஊரிலிருந்து நகராமல் இருந்துவிட்ட ஒரு பங்காளியின் வழியில் வந்தவர் இன்று பரிசோதனை செய்திருக்க வேண்டும். அவருக்கே தன் ஊர் 30 தலைமுறையாக அதுதான் என்று தெரிந்திருக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைவது அரிது. பகுதி வேண்டுமானால் கிடைக்கலாம். அதற்கு வழி உண்டு.

அந்த வழிதான் உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில். பணம் கட்டலாம். ஆனால் உடனே பெரிய ஒய் பரிசோதனைக்கு வேண்டாம். முதலில் சித்தப்பாவின் எச்சிலை எடுத்து, எல்லாக் குரோமோசோம்களையும் பார்க்கும் முழு மரபணுத்தொகைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அவர் உங்களைவிட ஒரு தலைமுறை மேலே. கலப்பு ஒரு படி குறைவு. இந்தியர்களிடம் வடக்கிலிருந்து தெற்குவரை இரண்டு பெரிய பழங்கால மூலங்களின் விகிதம் படிப்படியாக மாறுகிறது என்பதை 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கலப்பு பெரும்பாலும் இன்றைக்கு 4,200 முதல் 1,900 ஆண்டு முன்பு வரை நடந்தது, பிறகு சமூகங்கள் தங்களுக்குள்ளேயே மணம் செய்யத் தொடங்கின என்று 2013-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. குஜராத்திலிருந்து வந்து தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்ட கூட்டம் என்றால், அந்த விகிதம் பக்கத்துத் தெருத் தமிழரிடமிருந்து ஓரளவாவது தள்ளி நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்துப் பார்ப்பதால் இதில் சேலையின் நிறம் தெரியும். ‘உறவினர் பட்டியல்’ என்று ஒன்றும் வரும். அதில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். சொந்தத்துக்குள் மணம் செய்த சமூகத்தில் தூரத்து உறவெல்லாம் நெருங்கிய உறவாகத் தெரியும். இரண்டாம் சுற்று உறவு என்று வந்தால் நான்காம் சுற்றாகவும் இருக்கலாம்.

அடுத்தது ஒரு பங்காளி வேண்டும். அப்பாவின் நோட்டில் மேலே போங்கள். ஐந்தாவது, ஆறாவது தலைமுறையில் பிரிந்துபோன கிளை பரமக்குடியிலோ சேலத்திலோ கும்பகோணத்திலோ இருக்கும். அதே வீட்டுப் பெயர், அதே கோத்திரம். அந்த வீட்டு ஆண் ஒருவருக்கு 37 இடங்களைப் பார்க்கும் எளிய ஒய் பரிசோதனை போதும்; தம்பியும் அதையே செய்துகொள்ளட்டும். இரண்டும் நெருங்கி வந்தால் இந்த எம்82 குறைந்தது அந்தப் பொதுத் தாத்தா காலத்திலேயே குடும்பத்தில் இருந்தது என்று உறுதியாகும். கோத்திரம் மட்டும் ஒன்றாக இருந்து வீட்டுப் பெயர் வேறானவரைச் சோதித்து, பொருந்தவில்லையே என்று வருந்தாதீர்கள். கோத்திரம் ஒன்றானால் ஒய்யும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பொருந்தாமல் போனால்? மாதிரி கேட்கும் முன்பே இதை அந்த வீட்டாரிடம் மனம்விட்டுப் பேசிவிடுங்கள். ஐரோப்பியக் குடும்பங்களில் செய்த ஆய்வுகளில், ஏட்டில் எழுதிய தகப்பனும் ஒய் காட்டும் தகப்பனும் வேறாக இருப்பது தலைமுறைக்கு நூற்றில் ஒன்று அளவில் இருக்கிறது. நம் ஊரில் தத்து அதிகம் என்பதால் வேறு காரணங்களும் சேரும். எவருடைய பாட்டியின் மேலும் ஒரு சொல் விழக் கூடாது. முடிவு எப்படி வந்தாலும் வெளியே சொல்வதா வேண்டாமா என்பது மாதிரி கொடுத்தவரின் உரிமை என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் மாதிரி வாங்கினால் அது திருட்டுக்குச் சமம் என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம் முடிந்து இன்னும் பணமும் ஆர்வமும் இருந்தால், தம்பிக்கு மட்டும் முழு ஒய்யையும் வாசிக்கும் பெரிய பரிசோதனை. நான் முன்னால் சொன்ன சிறிய முள் இதுதான். சராசரியாக 80 முதல் 100 ஆண்டுக்கு ஒரு புதிய பிழை இதில் அகப்படும். 1,000 ஆண்டுக்கு முன் பிரிந்த இரண்டு வழிகளில் ஒவ்வொன்றிலும் பத்து, பன்னிரண்டு பிழை தனியாக விழுந்திருக்கும். எண்ணிப் பார்த்துப் பிரிந்த நூற்றாண்டை, ஓரிரு நூற்றாண்டு முன்பின்னாகச் சொல்லிவிடலாம். ஒரு குஜராத்திக்காரரோடு அப்படிப் பொருந்தினால் அன்றைக்குச் சித்தப்பாவுக்குத் தொலைபேசி செய்யுங்கள். இன்று பொருந்தாவிட்டால் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். பரிசோதனை செய்துகொண்ட குஜராத் ஆண்கள் இன்னும் குறைவு. ஐந்து, பத்து ஆண்டில் ஒருவர் வந்து சேரலாம்.

நீங்கள் பெண் என்பதால் இதில் உங்களுக்கு வேலையில்லை என்று எண்ண வேண்டாம். உங்களிடம் அம்மாவின் அம்மாவின் அம்மா என்று போகும் தாய்வழி இருக்கிறது. அந்தப் பெண்களும்தான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேவகிரியிலிருந்து நடந்தார்கள். உங்கள் மொழியைப் பிள்ளைகள் வாயில் ஊட்டியது அவர்கள். உங்கள் சொந்த மாதிரியையும் அனுப்புங்கள்.

கூடவே பழைய காகிதங்களையும் தேடுங்கள். வீட்டுக் கிரயப் பத்திரங்கள், கோயில் கட்டளைப் பதிவுகள், காசிக்கும் கயாவுக்கும் போன தாத்தா அங்கே பண்டா எனப்படும் புரோகிதரின் ஏட்டில் எழுதிவிட்டு வந்த பெயர். ஏழு தலைமுறை ஒன்பது ஆவதற்கு எச்சிலைவிட இவைதான் உதவும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. கல்யாணத்தில் சொல்லும் அந்தக் கேள்வி பதில் முழுவதையும் சித்தப்பாவைச் சொல்லச் சொல்லித் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். எதிர்ப்பக்கத்துக் கேள்விகளை நீங்கள் கேளுங்கள்; அவருக்குப் பதில் தானாக வரும். பாதியில் நிறுத்தித் திருத்தாதீர்கள். ஊர்ப் பெயர் மாறி வந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள், பிறகு இன்னொரு வீட்டுப் பதிவோடு ஒப்பிடும்போது அந்த மாற்றமே பயன்படும். அது முடிந்த மறுநாள் காலையில் எச்சில் எடுங்கள். அவருக்கு வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால், எச்சில் கொடுப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து வெற்றிலை, காபி, பல்பொடி எதுவும் கூடாது. எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, அரைமணி கழித்து, நுரை போக, குழாயில் கோடு போட்ட அளவுக்கு நிரம்பினால் போதும்.